ஈ.சி.ஆர்-ல பப் இருக்கு... கள்ளுக்கடை எங்கே போச்சு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்ல அந்த மெசேஜ் வந்து விழுந்துடும்: 'மச்சி, ஈ.சி.ஆர் போலாமா?' அப்புறம் யார் காரு, ஆளுக்கு எவ்வளவு ஷேர், வீட்ல என்ன சொல்லிட்டு வர்றதுன்னு பேச்சு ஓடும். மறுநாள் ஸ்டோரியில் நீல விளக்கு, டி.ஜே, கையில் ஒரு கிளாஸ்.

சென்னையைத் தாண்டி கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் என்று போகும் இந்தச் சாலைதான் இன்றைக்கு நம்ம ஊர் நைட்லைஃபின் முகவரி. லண்டனுக்கோ டப்ளினுக்கோ போனீங்கன்னா, கலகலப்பான ஏரியாவின் நடுவே நூறு, இருநூறு வருஷத்துப் பழைய பப் ஒன்று நின்றுகொண்டிருக்கும். 'இது எங்க ஊர் அடையாளம்' என்று பெருமையாகக் காட்டுவார்கள். நம் ஈ.சி.ஆரில் அப்படி ஒரு பழைய கடையைக் காட்ட முடியுமா? முடியாது. இத்தனைக்கும், இங்கிலாந்தின் பழைய பப் எதையும்விட மூத்த வரலாறு இந்தக் கடற்கரையின் கள்ளுக்கடைக்கு உண்டு.

அந்தக் கடை ஏன் காணாமல் போனது? அது போனதில் யாருக்கு என்ன நஷ்டம்? 'கள்ளுக்குத் தடையை நீக்கணும்' என்று ஒரு பக்கமும், 'கூடவே கூடாது' என்று இன்னொரு பக்கமும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கொடி பறந்த கடை

'பப்' என்றால் 'பப்ளிக் ஹவுஸ்'. அதாவது, ஊருக்குப் பொதுவான வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கடை அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக, வாசலில் சின்னம் மாட்டச் சொல்லி இங்கிலாந்தில் 1393-ல் உத்தரவு போட்டார் அரசர் இரண்டாம் ரிச்சர்ட். அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால், காவிரிப்பூம்பட்டினத்தில் மது விற்கும் கடை வாசலில் கொடி பறந்ததைப் 'பட்டினப்பாலை' பதிவுசெய்திருக்கிறது. மீனும் கறியும் பொரியும் சத்தத்தோடு சேர்த்தே அந்தக் கொடி வருகிறது. சைடு டிஷ்ஷும் அப்போதே ரெடி!

அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இன்னொரு நூல் 'பெரும்பாணாற்றுப்படை'. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. வழியில் வருகிறது நீர்ப்பெயற்று என்ற துறைமுகப் பட்டினம். கலங்கரை விளக்கம் இருக்கிறது, கப்பல் வருகிறது. கூடவே, கள் சமைக்கும் பெண்கள் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் ஓடிச் சேறாகி, அதில் பன்றிக் குட்டிகள் புரள்கின்றன. வரும் விருந்தாளிக்குக் கொழுத்த கறியும் நல்ல கள்ளும் கிடைக்கும் என்கிறார் புலவர். அந்தப் பட்டினம் இன்றைய மாமல்லபுரத்தை ஒட்டியதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கவனிச்சீங்களா? அந்தக் காட்சியில் கள் காய்ச்சுவது பெண்கள்.

பல்லவர் காலத்துக்கு வாங்க. மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த மாமல்லன் நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்மன், 7-ம் நூற்றாண்டில் 'மத்தவிலாசம்' என்ற காமெடி நாடகத்தை எழுதினார். கபாலி ஒருவனும் அவன் துணைவியும் காஞ்சிபுரத்து மதுக்கடைக்குப் போகிறார்கள். போதையில் அவனுக்கு அந்தக் கடையே வேள்விச் சாலை போலத் தெரிகிறது. ஊர் ஊராகக் கோயில் குடைந்த ராஜா, தன் தலைநகரத்தின் மதுக்கடையை வைத்து மதவாதிகளைக் கிண்டல் செய்து சிரித்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்வது 'குடிக்கிறது நம்ம பாரம்பர்யம்' என்று காலரைத் தூக்கிவிட அல்ல. 'கள்ளுண்ணாமை' என்று தனி அதிகாரம் வைத்துப் பத்துக் குறளில் கண்டித்தவரும் நம்ம வள்ளுவர்தான். குடியும், குடியைப் பற்றிய சண்டையும் இங்கே ஒண்ணாவே வளர்ந்தவை.

ஷட்டர் எப்படி விழுந்தது?

பிரிட்டிஷ் ஆட்சியில் கள் என்பது வரி. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். அதனால்தான் காங்கிரஸ் போராட்டத்தில் கள்ளுக்கடை மறியல் அவ்வளவு முக்கியமானது. கள் இறக்கப் பயன்படக் கூடாது என்று தன் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார் பெரியார். 1937-ல் ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்து சேலம் மாவட்டத்தில் முதலில் அமல்படுத்தியது. 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது.

1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தி, ஓரிரு வருஷங்களிலேயே திரும்பக் கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர் அரசு மறுபடி கடைகளைத் திறந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் உருவானது. 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தது.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். 42.8 சதவிகிதம் ஆல்கஹால் உள்ள பிராந்தியும் விஸ்கியும் அரசுக் கவுன்ட்டரில் கிடைக்கின்றன. ஏறக்குறைய பீர் அளவுக்கே போதையுள்ள கள், இன்றைக்கும் சட்டவிரோதம். 2023-24-ல் மது மூலம் தமிழக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். இதைக் கவனிக்கும் துறையின் பெயரோ, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை!

'பப்' என்று லைசென்ஸே இல்லை

நீங்க வீக்எண்டு போகும் இடத்துக்கு வருவோம். பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் மாதிரி, இந்திராநகர் மாதிரி வரிசையாகப் பப்கள் உள்ள ஒரு தெரு தமிழ்நாட்டில் ஏன் இல்லை? காரணம் சிம்பிள். இங்கே 'பப்' என்று தனியாக ஒரு லைசென்ஸே கிடையாது. உறுப்பினர்களுக்கான கிளப் என்றால் எஃப்.எல்.2. ஸ்டார் ஹோட்டல் என்றால் எஃப்.எல்.3. ஈ.சி.ஆரில் நீங்கள் 'பப்' என்று சொல்லும் இடம் ஒன்று ஹோட்டலுக்குள் இருக்கும், இல்லையென்றால் காகிதத்தில் ஒரு கிளப்பாக இருக்கும்.

விளைவு, உள்ளே நுழையவே ஒரு விலை. ரிசார்ட் நிலம், ஹோட்டல் கட்டடம், லைசென்ஸ் கட்டணம், ஏ.சி, டி.ஜே எல்லாம் சேர்ந்து ஒரு கிளாஸின் விலையில் வந்து உட்காரும். மீன்பிடித்துவிட்டு வரும் கோவளத்து இளைஞரோ, மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் தொழிலாளியோ தன் ஊரிலேயே இருக்கும் அந்தக் கதவுக்குள் போவதில்லை.

அவருக்கு இருப்பது டாஸ்மாக். மதியம் 12 மணி முதல் இரவு 10 மணி வரை கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டில் நீட்டப்படும். பக்கத்தில் 'பார்' இருக்கலாம். ஆனால், டெண்டரில் அந்த பார் என்பது தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும் விடப்படும் இடம். உட்கார்ந்து பேச, சாப்பிட, 'போதும்பா, வீட்டுக்குப் போ' என்று கடைக்காரர் சொல்ல... எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. பாட்டிலை வாங்கி ரோட்டோரம், புதர், ஏரிக்கரை என்று போகிறவர்கள்தான் அதிகம். பெண்கள் பக்கத்திலேயே போக முடியாத இடமாக அது இருக்கிறது.

நம்மூரில் குடி ஒழியவில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குடிக்கிறார். ஒழிந்தது, பார்க்கிற கண்கள் உள்ள கடை. தெரிந்த முகங்கள், தெரிந்த கடைக்காரர், கூடவே சாப்பாடு, நடந்து போகும் தூரம். இந்த நாலும் சேர்ந்ததுதான் உலகமெங்கும் பழைய பப். அதேதான் நம்ம பழைய கள்ளுக்கடையும்.

ஒரே ரோடு, வேற வேற விலை

2023 மே மாதம் நினைவிருக்கிறதா? விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டாரத்தில் பெருங்கரணை, பேரம்பாக்கம் கிராமங்களிலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள்.

மரக்காணம் எங்கே இருக்கிறது? அதே ஈ.சி.ஆரில். நீங்கள் ஸ்டோரி போட்ட மாமல்லபுரத்திலிருந்து அதே ரோட்டில் தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அவர்கள் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. முதலில் பார்வை நரம்பு அடிவாங்கும். பிழைத்தவர்களும் பார்வையை இழப்பது அதனால்தான். 'தெரிஞ்சே ஏன் குடிச்சாங்க?' என்று கமென்ட் போடுவது சுலபம். டாஸ்மாக்கின் மலிவான குவார்ட்டரே நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட ஊரில், அதைவிடக் குறைந்த விலையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது அது. கூலி வேலை முடித்து வந்தவர்களின் கணக்கு அவ்வளவுதான்.

அதே வருஷம் ஏப்ரலில் என்ன நடந்தது தெரியுமா? திருமண மண்டபம், மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம் ஆகிய இடங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபத்தை மட்டும் நீக்கினார்கள். வசதியுள்ளவர் குடிக்க இடம் தேடினால் விதி வளைந்து கொடுக்கிறது. ஏழை தேடினால் பாக்கெட் சாராயம்தான் கிடைக்கிறது. ஈ.சி.ஆர் என்ற ஒரே ரோட்டில் இது இரண்டையும் பார்க்க முடியும்.

சாவு இன்னொரு வழியிலும் வருகிறது. பழைய கடைக்கு நடந்து போனார்கள், தள்ளாடினாலும் நடந்தே திரும்பினார்கள். ஈ.சி.ஆர் பப்புக்கு வண்டியில்தான் போக முடியும். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால், ராத்திரி 12 மணிக்கு அந்த ரோட்டில் நீங்கள் பஸ்ஸைப் பார்த்ததுண்டா? குடிக்கும் இடங்களை ஊரைவிட்டுத் தள்ளி நெடுஞ்சாலைப் பக்கம் வளரவிட்டு, திரும்பி வர வழியும் செய்யாமல், மஞ்சள் பேரிகேடை மட்டும் போட்டு வைத்திருக்கிறோம்.

அப்போ கள்ளுக்கடையைத் திறந்துடலாமா?

இந்தக் கேள்வி இப்போது சூடாக இருக்கிறது. தமிழ்நாடு கள் இயக்கத்தின் நல்லசாமி பல வருஷங்களாக 'கள் உணவு, போதைப்பொருள் அல்ல' என்று வாதாடி வருகிறார். 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமான் பனைமரம் ஏறிக் கள் இறக்கிய வீடியோ உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும். கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள் சட்டபூர்வமாக விற்கிறது. அதே ஈ.சி.ஆரில் இன்னும் கொஞ்ச தூரம் போய் மாநில எல்லையைத் தாண்டினால் அதே பனையின் அதே கள் 'லீகல்' ஆகிவிடும்! 2014-ல் கேரள அரசு, ஐந்து நட்சத்திர ஹோட்டல் தவிர மற்ற பார்களையெல்லாம் மூட முடிவெடுத்தபோதும், கள்ளுக்கடைகளைத் தொடவில்லை. ஆலப்புழா பக்கம் குடும்பத்தோடு போய்க் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வரும் இடமாகவே பல கடைகள் இருக்கின்றன.

எதிர்ப்பக்கம் சொல்வதும் லேசான விஷயம் இல்லை. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். குளோரல் ஹைட்ரேட், தூக்க மாத்திரை என்று கள்ளில் எதையெதையோ கலப்பது தெலங்கானாவில் பழைய பிரச்னை. 'ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது' என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது கள்ளுக்கும் பொருந்தும், காக்டெயிலுக்கும் பொருந்தும். புருஷன் சம்பாத்தியம் முழுக்கக் கடைக்குப் போவதைப் பார்த்த பெண்கள், 'இன்னொரு கடையா?' என்று கேட்டால், அதற்குப் 'பாரம்பர்யம்' என்பது பதில் ஆகாது.

ஹைதராபாத்தில் என்ன தப்பு நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கள்ளின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். பனையில் பானையைக் கட்டினால் சொட்டும் பதநீர், பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிப்பாகவே இருக்கும். தடவாவிட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். அதோடு நிற்காது. நேரம் ஆக ஆகப் புளிக்கும், மறுநாள் வாயில் வைக்க முடியாது. ஆக, நிஜமான கள் நூறு கிலோமீட்டர் பயணம் செய்யாது. மரம் இருக்கும் ஊரில், இறக்கிய அன்றே விற்றுத் தீர வேண்டும். மரமே இல்லாத பெருநகரத்தில் தினமும் வேண்டிய அளவு 'கள்' கிடைக்கிறதென்றால், அதில் பாதி எங்கிருந்து வந்தது என்று சந்தேகப்படத்தான் வேண்டும். தேவை மரத்தின் சக்தியைத் தாண்டும்போது கலப்படம் ஆரம்பிக்கிறது.

செங்கல்பட்டுக் கடற்கரையில் இந்த ஆபத்து ரொம்ப நிஜம். பக்கத்திலேயே சென்னை என்ற பெரிய சந்தை. கள்ளுக்கு அனுமதி வந்தால் முதலில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ரிசார்ட்டில் மண் குவளையில் ஊற்றி, வாழை இலை வைத்து, 'பாரம்பர்ய அனுபவம்' என்று ஐந்நூறு ரூபாய் பில் போடலாம். மரம் ஏறியவருக்கு அதில் எத்தனை ரூபாய் போகும்? காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்குவது அவர். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட சாதி இழிவால், பிள்ளைகளை இதில் விடாமல் படிக்க அனுப்பியதும் அவர்தான். பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, ஏறுகிறவருக்கு?

அதனால், 'கள் வேணுமா, வேண்டாமா' என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தாமல், இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, கடையை யார் நடத்துவார்? ஏலம் எடுக்கும் காசுக்காரரா, மரம் ஏறுபவர்களின் கூட்டுறவுச் சங்கமா? கேரளாவில் கள்ளுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களின் நல நிதிக்காக 1969-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு, யார் சோதிப்பார்? இந்த ஊரில் இத்தனை மரம், இத்தனை லிட்டர் என்ற கணக்கு இருந்தால், அதற்கு மேல் விற்பது கலப்படம் என்று அங்கேயே பிடித்துவிடலாம். கணக்கு இல்லாமல் கடை மட்டும் திறந்தால் கூகட்பள்ளிதான்.

மூன்று, அந்த ஊர்ப் பெண்கள் 'வேண்டாம்' என்றால் கடை மூடப்படுமா? டாஸ்மாக் விஷயத்தில் எத்தனையோ கிராமசபைகள் தீர்மானம் போட்டன, எத்தனையோ பெண்கள் கடை முன்னால் உட்கார்ந்தார்கள். அந்தக் குரலுக்குச் சட்டத்தில் இடம் வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் கள்ளுக்கடை வந்தால், அது பழைய பெயரில் இன்னொரு டாஸ்மாக். பதில் இருந்தால், நடந்து போய், உட்கார்ந்து சாப்பிட்டு, தெரிந்தவர் முன்னால் அளவோடு நிறுத்தும் ஒரு கடையாக அது இருக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் மெத்தனால் வியாபாரி தானாக ஓடிவிட மாட்டார். அவரைப் பிடிப்பது போலீஸின் வேலை. ஆனால், அவருக்குப் போகும் கூட்டம் குறையும்.

உங்களுக்கு 21 வயது ஆகவில்லையென்றால், தமிழ்நாட்டில் உங்களுக்கு மது விற்பதே குற்றம். ஆகிவிட்டது என்றால், குடிப்பதும் குடிக்காததும் உங்கள் முடிவு. குடிக்கிறவர் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பது மட்டும் மற்ற எல்லோருடைய உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். மாமல்லபுரம் பக்கம் சீசனில் போனால் பனை ஓலையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பார்கள், அவருக்கு அதை வாங்கிக் கொடுங்கள். அது லீகல், போதை கிடையாது. அந்தக் காசும் மரம் ஏறியவரின் கைக்கே போகும்.

தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை மதுவிலக்கும் கள்ளும் பேசுவார்கள். உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் 'கடையைத் திறப்பீங்களா, மூடுவீங்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள். பெருங்கரணையில் கூலி வேலை முடித்து வருபவர், உங்களை மாதிரியே சாயங்காலம் எங்கே போய் உட்கார்ந்து நாலு பேரோடு பேசுவார் என்றும் கேளுங்கள். கள்ளோ, டீயோ, பதநீரோ... அவருக்கென்று ஓர் இடம் இந்த ரோட்டில் இன்னும் இல்லை.